சுவரை அறுத்தவர்களும் சுவரை எழுதியவர்களும்

ரொறன்ரோவில் வாழும் பத்திரிகை நண்பர் ஒருவர், என்னிலும் வயதிற் குறைந்தவர், நியூயோர்க்கிலுள்ள மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்திற்குக் குடும்பத்தோடு போய்வந்த பின்னர் எனக்கொரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். எகிப்தியப் பகுதியில் வரிசையாகத் தொங்கிய கல்லறை ஓவியங்களுக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படமெடுத்து முடித்ததன் பின்னரே பக்கத்திலிருந்த குறிப்பை வாசித்தாராம். “அண்ணை, அவ்வளவும் நகலாம். போன நூற்றாண்டில் யாரோ வெள்ளைக்காரர் காகிதத்தில் வரைந்தவையாம். இவ்வளவு பெரிய இடம் போலியைத் தொங்கவிட்டுக் காசு வாங்கலாமோ?” என்று கேட்டிருந்தார்.

அவருக்குத் தனியே ஒரு பதில் எழுதினேன். ஆனால் இந்தக் கேள்வி அவருடையது மட்டுமன்று. அருங்காட்சியகங்களுக்குப் போகும் நம்மவர்கள் பலர் இதே ஏமாற்றத்தோடு திரும்பி வருவதை நான் கேட்டிருக்கிறேன். ஆகவே அந்தப் பதிலைச் சற்று விரித்து இங்கே பொதுவில் வைக்கிறேன்.

முதலிற் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். போலி என்பது தன்னை அசலென்று சொல்லிக்கொள்வது. நகல் என்பது கச்சேரியிலும் கந்தோரிலும் முத்திரை குத்தி வாங்குவது. பிரதி என்ற சொல்லோ தமிழில் வேறு மதிப்புடையது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது அவர் கையிலிருந்தவை ஏட்டுப் பிரதிகள். அவற்றுள் எதுவும் பாடிய புலவர் தம் கையால் எழுதிய ஏடாக இருந்திருக்க முடியாது. பார்த்து எழுதியதைப் பார்த்து, மீண்டும் அதைப் பார்த்து எழுதியவை. அவற்றை எவரும் போலியென்று தள்ளவில்லை. கறையான் தின்ற ஏட்டுக்கும் அச்சுப் புத்தகத்துக்கும் இடையில் நின்று காப்பாற்றியவை அவையே. நண்பர் நியூயோர்க்கிற் கண்டவற்றை நான் இந்த மூன்றாவது சொல்லாலேயே குறிக்க விரும்புகிறேன்.

அந்தப் பிரதிகள் 350க்கு மேற்பட்டவை. மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 1906இல் தனது எகிப்தியப் பிரிவைத் தொடங்கி அகழ்வாய்வுக் குழுவொன்றை அனுப்பியது. அடுத்த ஆண்டில், சுவரோவியங்களைப் படியெடுப்பதற்கென்றே அக்குழுவில் ஒரு வரைவுப் பிரிவு ஏற்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் நோர்மன் டி கரிஸ் டேவிஸ் என்ற ஆங்கிலேயர். ஒரு காலத்திற் கிறிஸ்தவ போதகராக இருந்து பின்னர் எகிப்தியலுக்கு வந்தவர். அவர் 1907இல் மணந்த நீனா, கிரேக்கத்துச் சலோனிகாவில் 1881இல் ஆங்கிலப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் ஓவியம் பயின்றவர். இருவரும் நைல் நதியின் மேற்குக் கரையில், பண்டைய தீப்ஸ் நகரத்தின் இடுகாட்டு மலையடிவாரத்தில் வீடெடுத்துக் குடியேறினர். அங்கேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் பருவந்தோறும் உழைத்தனர். 1920இல் சார்ள்ஸ் வில்க்கின்சன் என்ற இளம் ஓவியரும் இணைந்துகொண்டார்.

இவ்விடத்தில் ஒரு சிறு வேடிக்கை. கணவன் பெயரின் முதலெழுத்தும் மனைவி பெயரின் முதலெழுத்தும் ஒன்றே. நூலட்டையிலோ படத்தின் மூலையிலோ அந்த ஒற்றை எழுத்தோடு குடும்பப் பெயரை மட்டும் காண்கின்ற வாசகர், ஆளைத் தெரியாதவராயின், எல்லாவற்றையும் கணவரின் கணக்கிலேயே எழுதிவிடுவார். பெண்களின் உழைப்பு வீட்டுப் பெயருக்குள் மறைந்துபோவது எங்கள் பத்திரிகைக் கந்தோர்களிலும் நான் கண்ட சங்கதிதான்.

அவர்கள் செய்த வேலை என்ன?

தீப்ஸ் மலையின் சுண்ணாம்புக் கல் பல இடங்களில் வெடிப்பும் பொருக்குமாக இருப்பது. நுண்ணிய செதுக்கு வேலைக்கு ஒத்துவராது. ஆதலால் அங்கே குடைந்த கல்லறைகள் பலவற்றில், சுவருக்கு மண்சாந்து பூசி, அதன்மேல் மெல்லிய வெண்சாந்து தடவி, அது காய்ந்த பின்னரே வர்ணம் தீட்டினார்கள். ஈரச்சாந்தில் வரைந்தால் வர்ணம் சாந்தோடு ஒன்றாகிவிடும். காய்ந்த சாந்திலோ அது ஒரு தோலைப்போல மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். விரல் பட்டால் உதிரும். 3,400 ஆண்டுகளாக அங்கே அது தங்கி நின்றதற்குக் காரணம், காற்றில் ஈரமில்லை, விரலும் படவில்லை என்பதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விரல்கள் வந்தன. படியெடுக்க வந்தவர்களே கெடுத்ததும் உண்டு. ஈரக் காகிதத்தைச் சுவரில் அழுத்தி, காய்ந்ததும் உரித்தெடுத்தால் புடைப்பு அப்படியே காகிதத்தில் இறங்கும். கல்வெட்டுப் படியெடுப்பவர்கள் அறிந்த முறைதான். கல்வெட்டில் வர்ணமில்லை. எகிப்தியச் சுவரில் இருந்தது. காகிதத்தை உரித்தபோது வர்ணமும் கூடவே உரிந்து போயிற்று. ஜியோவானி பெல்சோனி 1817இல் திறந்த முதலாம் சேத்தி மன்னனின் கல்லறை, திறந்த அன்று நேற்றுத்தான் தீட்டியதைப்போல இருந்ததென்பார்கள். இன்று அச்சுவர்களின் பல பாகங்கள் வெறுங்கல்லாக நிற்பதற்கு, இப்படி எடுத்த அச்சுகளும் ஒரு முக்கிய காரணம்.

அதே பெல்சோனி வேறொன்றும் செய்தார். அலெசாந்திரோ ரிச்சி என்பவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அக்கல்லறையின் சுவர்களை நீர்வண்ணத்தில் வரைந்தெடுத்தார். அவற்றைக்கொண்டு 1821இல் லண்டன் பிக்கடிலியில் ஒரு பெருங்காட்சியும் நடத்தினார். அந்த நீர்வண்ணப் படங்கள் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சுவரில் வர்ணம் போய்விட்டது, காகிதத்தில் நிற்கிறது. ஒரே மனிதரின் ஒரு கை கெடுத்ததை மறு கை காத்தது.

டேவிஸ் தம்பதியர் இவற்றையெல்லாம் அறிந்தவர்கள். கல்லறைக்குள்ளே புகையெழுப்பும் விளக்குகளை அவர்கள் நம்பியிருக்கவில்லை. வெளியே கண்ணாடி வைத்து வெயிலை உள்ளே திருப்பி, அந்த வெளிச்சத்தில் வரைந்தார்கள். வெயில் நகர நகரக் கண்ணாடியையும் நகர்த்த வேண்டும். அதைப் பிடித்து நின்ற குர்ணா கிராமத்து மனிதர்களின் பெயரை எந்த அருங்காட்சியகத்துக் குறிப்பிலும் நான் பார்த்ததில்லை.

நீனாவின் கை வேலையிலே தனித்துவம் ஒன்றிருந்தது. முன்னையோர் பெரும்பாலும் ஒளி ஊடுருவும் நீர்வண்ணத்தைக் காகிதத்தில் தோய்த்தனர். அது அழகு; ஆனால் எகிப்தியச் சுவரின் வர்ணம் அப்படிப்பட்டதன்று. அது தடித்தது, அடியிலுள்ளதை மூடுவது. ஆகவே நீனா டெம்பரா எனப்படும் மூடுவண்ணத்தைப் பயன்படுத்தினார். சுவருக்குப் பின்னணி பூசிய சாம்பல்நீலத்தை முதலிற் காகிதம் முழுவதும் பூசி, அதன்மேல் உடலின் செம்மண் நிறம், ஆடையின் வெள்ளை, பிறகு கோடு என, பண்டைய ஓவியன் எந்த ஒழுங்கில் தீட்டினானோ அதே ஒழுங்கிற் போனார். பல படங்கள் சுவரில் உள்ள அதே அளவு. அந்நாளிற் புகைப்படக்காரர் இல்லாமலில்லை. அதே குழுவில் ஹரி பேர்ட்டன் என்ற ஒப்பற்ற புகைப்படக்காரர் இருந்தார். அவரது படங்களோ கறுப்பு வெள்ளை. கோட்டை அவர் தந்தார், நிறத்தை நீனா தந்தார்.

இனி என் கட்சியின் முக்கியமான சாட்சிக்கு வருகிறேன். கி.மு. 1400 அளவில் வாழ்ந்த மென்னா என்னும் வயற்கணக்கு அதிகாரியின் கல்லறை தீப்ஸில் உண்டு. நாணற் படகில் நின்று அவர் பறவை வேட்டையாடுவதும் மீன் குத்துவதும், மனைவி மக்கள் உடன் நிற்பதும் அதில் மிகப் பேர்பெற்ற காட்சி. மென்னாவுக்குப் பிறகு அவர்மேற் பகைகொண்ட யாரோ உள்ளே புகுந்து, அவர் உருவத்தின் முகத்தைக் கொத்தி, கண்ணைத் தோண்டியிருக்கிறார். மறுமையிலும் அவர் காணக்கூடாது என்ற வன்மம். நீனா 1924இல் அக்காட்சியைப் படியெடுத்தார். அழகிய பறவைகள், நீர்ப்பூக்கள், வண்ணத்துப்பூச்சிகள் எல்லாம் இருக்கின்றன. மென்னாவின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கொத்துண்ட சாந்து இருக்கிறது. அந்தச் சாந்தின் நிறத்தையும் விளிம்பின் பிசிரையும், முகம் ஒன்றை வரைவதற்குரிய அதே பொறுமையுடன் அவர் வரைந்திருக்கிறார்.

ஒரு நல்ல ஓவியருக்கு அங்கே ஒரு முகத்தை வைத்துவிடுவது எவ்வளவு இலகு! பக்கத்துச் சுவரில் மாதிரி இருக்கிறது. வைத்திருந்தால் படம் இன்னும் அழகாயிருக்கும், வாங்குவோர் மகிழ்ந்திருப்பர். அவருக்கு நூறாண்டு முந்திய படியெடுப்பாளர் பலர் அப்படித்தான் செய்தார்கள். உடைந்த மூக்கை ஒட்டினார்கள், தெரியாத எழுத்தை ஊகித்து நிரப்பினார்கள். அப்படி நிரப்பிய படங்களை நம்பிப் பின்வந்த ஆய்வாளர் தடுக்கிவிழுந்ததும் உண்டு. செய்தி எழுதும் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையிற் சொல்கிறேன்: காணாததை எழுதாமல் விடுவது, கண்டதை எழுதுவதிலும் பார்க்கக் கடினமான பயிற்சி. நீனாவிடம் அது இருந்தது. (ஏனைய சில பிரதிகளில் சிறு சேதங்களை அவர் நிரப்பியும் இருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் சுவரின் வரலாறாகிவிட்ட சேதத்தில் அவர் கைவைப்பது அரிது.)

கையாற் படியெடுப்பவரின் கண் சுவரோடு வாரக்கணக்கிற் சல்லாபிக்கிறது. அதனால் வழிப்போக்கர் காணாதது அதற்குத் தெரியும். றெக்மீரே என்ற மந்திரியின் கல்லறையிலே கிரேத்தா தீவிலிருந்து திறை கொண்டுவருபவர்களின் வரிசை உண்டு. அவர்களின் இடுப்பாடை ஒருமுறை வரையப்பட்டு, பின்னர் அதன்மேல் வேறுவகை ஆடை தீட்டப்பட்டிருக்கிறது. அடியிலிருந்த முதல் ஆடை மங்கலாகத் தெரியும். மூவாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாட்டாரின் உடை வழக்கம் மாறியதைக் கண்டு எகிப்திய ஓவியன் திருத்தியிருக்கலாம் என்று, இந்த ஒரு திருத்தத்தைவைத்து அறிஞர்கள் கால ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். நோர்மன் டேவிஸ் அக்கல்லறையைப் பற்றி எழுதிய பெருநூல் அவர் 1941இல் இறந்த பின்னர், 1943இல் வெளிவந்தது.

இப்பணியிற் பழகியவர்களுள் ஹொவார்ட் கார்ட்டரும் ஒருவர் என்பதைப் பலர் அறியார். 1922இல் துத்தன்காமுன் கல்லறையைக் கண்டுபிடித்து உலகப் புகழ்பெற்ற அதே கார்ட்டர், 1891இல் பதினேழு வயதுப் பையனாக எகிப்துக்குப் போனது பெனி ஹசன் குகைக் கல்லறைகளில் ஓவியங்களைப் படியெடுப்பதற்காகவே. பொன்னைக் கண்டவர் என்று அவரைக் கொண்டாடும் உலகம், அதற்கு முன்னர் அவர் சுவருக்கு முன்னால் இருந்து கழித்த ஆண்டுகளைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒரு சுவரோவியம் அருங்காட்சியகத்துக்கு வந்துசேர இரண்டு வழிகளே உண்டு. ஒன்று வாள், மற்றது தூரிகை. “அசல் வேண்டும்” என்று கேட்கும் நண்பர், முதல் வழியைக் கேட்கிறோம் என்று எண்ணிப்பார்த்திருக்க மாட்டார்.

முதல் வழிக்குச் சிறந்த உதாரணம் லண்டனில் இருக்கிறது. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் நெபாமுன் ஓவியங்கள் எகிப்திய ஓவியக்கலையின் சிகரங்களில் ஒன்று என்பதில் எனக்கும் ஐயமில்லை. 2009 ஜனவரியில் அவற்றிற்கெனப் புதிய கூடமே திறந்தார்கள். குளமும் மீனும் மரமும் உள்ள அந்தத் தோட்டமும், இசைமாதரும், பறவை வேட்டையும் காணக் கண்கோடி வேண்டும். ஆனால் அவை துண்டுகள். 1820 அளவில், பிரித்தானியத் தூதுவர் ஹென்றி சோல்ட்டுக்காகப் பழம்பொருள் தேடித்தந்த ஜியோவானி டி அத்தனாசி என்பவரின் ஆட்கள் சுவரிலிருந்து வெட்டியெடுத்தவை. எந்தக் கல்லறை, எங்கே இருக்கிறது என்பதை அவர் தெளிவாகச் சொல்லவில்லை. இருநூறு ஆண்டுகளாகிவிட்டன. அந்தக் கல்லறையின் இடம் எவருக்கும் தெரியாது. வெட்டியெடுத்த துண்டுகளுக்கு இடையில் என்ன இருந்தது, அந்தத் தோட்டம் எந்தச் சுவரின் எந்த மூலை, இறந்தவர் எத்திசை நோக்கி நின்றார் என்பனவற்றை ஊகித்தே பேசவேண்டியிருக்கிறது. அத்தனாசியும் கடைசியில் லண்டனில் வறுமையில் இறந்தார். அசலை நாம் பெற்றோம்; சுவரை இழந்தோம்.

நீனாவின் தூரிகை தொட்ட கல்லறைகளோ இன்னும் மலையில் இருக்கின்றன. நக்த் என்பவரின் சிறிய கல்லறையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று இசைமாதர் நிற்கும் அந்தப் படத்தை உலகத்தில் எத்தனையோ புத்தக அட்டைகளிற் பார்த்திருப்பீர்கள். அதன் சுவர்களை டேவிஸ் தம்பதியர் படியெடுத்தனர், 1917இல் அழகிய பெருநூலாக வெளிவந்தது. அதே கல்லறையில், முழந்தாளிட்டுக் கற்பலகையொன்றைத் தாங்கிய நக்த்தின் வர்ணச் சிற்பமும் கிடைத்தது. சிற்பம் தூக்கக்கூடிய பொருளல்லவா? நியூயோர்க்குக்குக் கப்பலேற்றினார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அதை ஏற்றிச்சென்ற ‘அரபிக்’ என்ற கப்பலை 1915 ஓகஸ்டில் அயர்லாந்துக்கு அப்பால் ஜேர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. நக்த் கடலடியில் இருக்கிறார். அவரது சுவர் எகிப்தில் இருக்கிறது, சுவரின் பிரதி நியூயோர்க்கில் இருக்கிறது.

பிரதிகள் எவ்வளவு சிறந்தாலும் அவையும் ஒருவரின் கண்வழி வந்தவை என்று ஒரு மறுப்பு உண்டு. உண்மையே. நீனா வரைந்த முகங்களில் 1920களின் ஐரோப்பிய மென்மை சற்றே படிந்திருக்கிறதென்று சொல்வோரும் உளர். சிலவற்றைப் பார்க்கும்போது எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. இன்று கருவிகள் வந்துவிட்டன. துத்தன்காமுன் கல்லறையின் உள்ளறையை ‘ஃபக்டும் ஆர்ட்டே’ என்ற ஸ்பானிய நிறுவனம் 2009இல் சுவரைத் தொடாமலே அளவெடுத்து, அதன் முழு வடிவப் பிரதியொன்றை உருவாக்கியது. 2014இல் லக்சோரில், ஹொவார்ட் கார்ட்டர் வாழ்ந்த வீட்டின் அருகே அது திறக்கப்பட்டது. சேத்தியின் கல்லறை அறைகளையும் அதே நிறுவனம் உருவாக்கி, 2017இல் சுவிற்சர்லாந்தின் பாசலில் காட்சிக்கு வைத்தது.

இக்கருவிகள் பிசகமாட்டா. ஒரு பொருக்கைக்கூடத் தவறவிடமாட்டா. ஆனால் துத்தன்காமுன் பிரதியில் என்னைக் கவர்ந்தது கருவியின் நுட்பமன்று. கார்ட்டர் புதைப்பறையிலிருந்த பெரும் பேழைகளை வெளியே எடுப்பதற்காகத் தெற்குச் சுவரில் ஒரு பகுதியை உடைக்க வேண்டியிருந்தது. ஐசிஸ் தேவி நின்ற பகுதி அது. அசல் கல்லறையில் அது இப்போது இல்லை. உடைப்பதற்கு முன்னர் ஹரி பேர்ட்டன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து அந்தத் துண்டை மீண்டும் உருவாக்கிப் பிரதியோடு சேர்த்துக் காட்டினார்கள். அசலில் இல்லாதது பிரதியில் இருக்கிறது! அதைச் சாத்தியமாக்கியது, உடைக்கும் முன்னர் படியெடுத்து வைக்கவேண்டும் என்று நூறாண்டுக்கு முன்னர் ஒருவர் கொண்ட ஒழுக்கம்.

இவை எங்களுக்குத் தூரத்துக் கதைகளல்ல. சிகிரியாக் குன்றின் மாதரோவியங்களை எச். சி. பி. பெல் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், டி. ஏ. எல். பெரேரா என்ற சிங்கள ஓவியர் உயரத்திற் தொங்கும் அந்தப் பாறைக் குழியிலிருந்து படியெடுத்தார். அவை கொழும்பு நூதனசாலைக்கு வந்தன. 1967 ஒக்டோபரில் எவரோ இரவோடிரவாக ஏறி அசல் ஓவியங்கள்மேல் வர்ணத்தை அள்ளிப் பூசினார்கள். இத்தாலிய நிபுணர் லூசியானோ மரன்சி வந்து துடைத்துக் காப்பாற்றினார். அப்படிக் காப்பாற்ற முடியாமற் போயிருந்தால், பெரேராவின் கைவேலை இன்று எங்களுக்கு என்னவாக இருந்திருக்கும்? யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது, அங்கிருந்த ஏடுகளில் வேறிடத்திற் பிரதியிருந்தவை மட்டுமே பிழைத்தன. மற்றவற்றின் பெயரைக்கூட நாம் முழுமையாகச் சொல்ல முடியாது.

பிரதிகளும் சாகாவரம் பெற்றவையல்ல. நீனாவின் காகிதங்களுக்கு நூறு வயதாகிறது. ஒளி பட்டால் வெளிறும், ஈரம் பட்டால் வளையும். ஆயினும் பல அருங்காட்சியகங்களில் இத்தகைய படங்கள் கலைப்பொருளென்றும் கணிக்கப்படாமல், ஆவணமென்றும் பேணப்படாமல், இரண்டுங்கெட்டான் நிலையிற் பெட்டிகளுக்குள் உறங்குகின்றன. மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் அவற்றைத் தொங்கவிட்டதையும், 1983இல் அவற்றிற்கு முழுமையான பட்டியல் நூலொன்றை வெளியிட்டதையும் நான் பாராட்டவே செய்வேன். எகிப்தியலறிஞர் அலன் கார்டினர் தம் கைப்பணத்தில் நீனாவை வரையச் செய்து, பல படங்களை பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு அளித்தார். அவரும் நீனாவும் சேர்ந்து 1936இல் வெளியிட்ட, 104 வர்ணப் படங்கள் கொண்ட பெருநூலுக்கு றொக்பெல்லர் பணம் உதவியது. அந்த நூலில் லண்டனிலுள்ள நெபாமுன் துண்டுகளின் பிரதிகளும் உண்டு. வாளால் வந்ததையும் நீனா தூரிகையால் எழுதிவைத்தார்.

கணவர் இறந்த பின்னரும் அவர் ஓயவில்லை. எண்பதைத் தாண்டிய வயதில், 1963இலும், தீப்ஸ் கல்லறைகளைப் பற்றிய தொகுதியொன்று அவர் பெயரில் வந்தது. 1965இல் மறைந்தார்.

ஆகவே நண்பர் எழுப்பிய கேள்வியை நான் மறுபக்கமாகத் திருப்பிக் கேட்க விரும்புகிறேன். இவ்வளவு செம்மையாகப் பிரதியெடுக்க மனிதனுக்குக் கைவருமாயின், அசலை வைத்திருப்பவர்கள் அதை இன்னும் ஏன் வைத்திருக்கிறார்கள்? நெபாமுனுக்குத் திரும்பிப் போக வீடில்லை. அவர் லண்டனிலேயே இருக்கட்டும். சேத்தியின் கதை வேறு. எகிப்திய எழுத்தை வாசித்துக் காட்டிய அதே மேதை ஷம்போலியனும், அவரது இத்தாலியத் தோழர் ரொசெல்லினியும் 1829இல் சேத்தியின் கல்லறையிலிருந்து ஆளுக்கொன்றாக இரு புடைப்போவியங்களை அறுத்தெடுத்தார்கள். சேத்தி மன்னனும் ஹாத்தோர் தேவியும் எதிரெதிர் நின்று கைகோக்கும் காட்சி. ஒன்று பாரிஸின் லூவரிலும் மற்றது புளோரன்ஸிலும் இருக்கின்றன. அவை பெயர்ந்த இடம் ஊகமன்று. மன்னர் பள்ளத்தாக்கில், அந்தக் கல்லறையின் வாசலொன்றின் இரு பக்கங்களிலும் அந்த வெட்டு இன்றும் தெரிகிறது.

லூவர் இதைச் செய்யமுடியாதென்று சொல்ல இயலாது. தீத்திக்கி என்பவரின் கல்லறையிலிருந்து களவாக வெட்டப்பட்ட ஐந்து துண்டுகளை அது 2000க்கும் 2003க்கும் இடையில் வாங்கியிருந்தது. எகிப்து 2009இல் லூவருடன் உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்ததும், அதே ஆண்டில் அவை திருப்பிக் கொடுக்கப்பட்டன. 1829இல் அறுத்ததற்கு அன்றைய எகிப்திய ஆட்சியாளரின் அனுமதி இருந்தது, 2000இல் வாங்கியதற்கு இல்லை என்பது சட்ட வித்தியாசம். சுவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பாரிஸிலும் புளோரன்ஸிலும் பிரதிகளை வைக்கலாம். அவற்றின் கீழே, அறுத்தவர் பெயரையும் ஆண்டையும், படியெடுத்தவர் பெயரையும் ஆண்டையும் ஒரே அளவான எழுத்திற் பொறிக்கலாம். கண்ணாடி பிடித்து நின்றவர் எவரேனும் இருந்தால் அவர் பெயரையும் சேர்க்கலாம்.